நடுத் தையல் மூடிய குழந்தைக்கு எது பொருந்தும்: ஹெல்மெட்டா, ஸ்பிரிங்கா, திறந்த அறுவையா?

குழந்தையின் தலை நீளமாக இருக்கிறதே என்று காட்டப் போய், மண்டை ஓட்டின் நடுத் தையல் (எலும்புத் தகடுகள் சேரும் இணைப்பு) மூடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பெற்றோருக்கு அன்றிலிருந்து தூக்கம் கிடையாது. ஒரு மருத்துவர், இப்போதே எண்டோஸ்கோப் வழியாகச் சின்ன அறுவை செய்து ஹெல்மெட் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஸ்பிரிங் வைத்தால் ஹெல்மெட்டே வேண்டாம் என்கிறார். மூன்றாமவர், எட்டு, பத்து மாதம் ஆகட்டும், திறந்து ஒரேயடியாகச் சரிசெய்யலாம் என்கிறார். மூவரும் காட்டும் முன்-பின் படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது?

பெரும்பாலோர் வடுவின் நீளத்தையும் மருத்துவமனையில் தங்கும் நாட்களையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். அதுவும் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறொன்று: மண்டை ஓட்டை அகலப்படுத்தும் விசை எங்கிருந்து வரப்போகிறது? ஹெல்மெட் முறையில் அது குழந்தையின் மூளையிலிருந்து வருகிறது. ஸ்பிரிங் முறையில் வளைத்து வைத்த கம்பியிலிருந்து வருகிறது. திறந்த அறுவையில் மருத்துவரின் கையிலிருந்து, ஒரே நாளில் வருகிறது. இது புரிந்துவிட்டால் வயது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது, எந்த வழியில் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு எல்லை போட்டுக்கொள்வோம். இங்கே பேசுவது சஜிட்டல் எனப்படும் இந்த நடுத் தையல் ஒன்று மட்டும் மூடிய, வேறு மரபணு நோய்க்குறி இல்லாத குழந்தையைப் பற்றி. உச்சிக்குழியிலிருந்து பின்மண்டை நோக்கி, வகிடு எடுக்கும் கோட்டில் ஓடுவது இந்தத் தையல். ஏதாவது ஒரு மண்டைத் தையல் முன்கூட்டியே மூடும் குறை, அதாவது கிரேனியோசினோஸ்டோசிஸ், மொத்தமாகச் சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்றில் வருகிறது. அதில் மற்றெல்லாத் தையல்களையும் விட அதிகமாக மூடுவது சஜிட்டல்தான். ஆண் குழந்தைகளிடம் கூடுதல். ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துத் தலை தட்டையாகிப் போவது இதோடு சேராது. அங்கே தையல்கள் திறந்தே இருக்கின்றன, அறுவை எதுவும் தேவையில்லை.

## விசைக்கும் தையலுக்கும் என்ன உறவு

மண்டைத் தையல் என்பது இரண்டு எலும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நார்த் திசுப் பட்டை. அதன் இரு கரையிலும் எலும்பு உண்டாக்கும் செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நடுவில் இன்னும் எலும்பாக மாறாத முதிராச் செல்கள் இருக்கின்றன. கீழே மூளையின் தடித்த உறையான டியூரா ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூளை பெரிதாகும்போது டியூரா இழுபடுகிறது, தகடுகள் விலகப் பார்க்கின்றன, தையலுக்குள் இழுவிசை உண்டாகிறது. அந்த இழுப்பை உணர்ந்த செல்கள் பெருகுகின்றன, கரையில் புது எலும்பு படிகிறது, ஆனால் நடுப்பட்டை மிருதுவாகவே தொடர்கிறது. எலும்பு படியும் வேகமும் தகடுகள் விலகும் வேகமும் ஒத்துப்போகும் வரை தையல் திறந்திருக்கும்.

இதற்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டியதே இல்லை, நோயாளிகளிடமே சான்று இருக்கிறது. மூளையில் நீர் தேங்கும் குழந்தைகளுக்குத் தையல்கள் அகன்று விரிகின்றன. அதே குழந்தைக்கு ஷன்ட் குழாய் வைத்து நீரை அளவுக்கு மீறி வடித்துவிட்டால், உள்ளிருந்து வந்த தள்ளல் நின்றுபோய், திறந்திருந்த தையல் மூடிக்கொள்வதும் உண்டு. மூளையே வளராமல் நின்றுவிட்ட குழந்தைகளிடமும் தையல்கள் சீக்கிரம் மூடுகின்றன.

ஆனால் விசை மட்டும் போதாது, செல்களுக்குச் சேதியும் வேண்டும். 1990களில் எலிகளில் செய்த சோதனைகளில், தையலை டியூராவோடு சேர்த்து வேறிடத்தில் நட்டபோது அது திறந்தே இருந்தது; டியூராவை உரித்துவிட்டு நட்டபோது மூடிக்கொண்டது. எஃப்ஜிஎஃப்ஆர்2, டிவிஸ்ட்1 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால், மூளை எவ்வளவு தள்ளினாலும் தையல் மூடத்தான் பார்க்கிறது. விசையின் தன்மையும் கணக்கில் வரும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் முயல்களின் முகத் தையலுக்கு 5 நியூட்டன் விசையை ஒரு குழுவுக்கு நிலையாகவும், இன்னொரு குழுவுக்கு ஏறி இறங்கும்படியும் கொடுத்தார்கள். ஏற்ற இறக்கமாகக் கொடுத்த குழுவில்தான் தையல் அதிகம் அகன்றது, எலும்பும் அதிகம் வளர்ந்தது.

இதைப் படித்ததும், அப்படியானால் தலையைத் தினமும் பிடித்துவிட்டால் போதுமே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் பயன் இல்லை. விசைக்குப் பதில் சொல்லும் மிருதுவான பட்டை இருக்கும் தையலுக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். மூடிய தையலில் அந்தப் பட்டையே போய்விட்டது. இரு தகடும் ஒரே எலும்பாகிவிட்டன. அதை எந்தத் தைலமும் எந்த விரலும் திறக்காது.

மூடியபின் என்ன நடக்கும் என்பதை 1851-லேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வகுத்துவிட்டார்: மூடிய தையலுக்குக் குறுக்குத் திசையில் வளர்ச்சி நிற்கும், மற்றத் தையல்கள் அதை ஈடுகட்ட முயலும். சஜிட்டல் மூடினால் அகலம் நிற்கிறது, மூளை முன்னும் பின்னும் இடம் தேடுகிறது. நெற்றி புடைக்கிறது, பின்மண்டை கூம்பி நீள்கிறது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண்ணைத்தான் மருத்துவர் செஃபாலிக் இன்டெக்ஸ் என்று எழுதி வைப்பார். சாதாரணமாக அது 75 முதல் 85 வரை இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அதற்குக் கீழே இறங்கியிருக்கும்.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், மிச்சமிருக்கும் வளர்ச்சி. குழந்தை மருத்துவத்தில் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் ஏறும், அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 1, அதற்கடுத்த ஆறு மாதம் மாதத்துக்கு அரை. ஆக முதல் வருடத்தில் 12 சென்டிமீட்டர். இதை அறுவை நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் அறுவை நடந்தால் அந்த வருட வளர்ச்சியில் 6 சென்டிமீட்டர் கையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் நடந்தால் 3. ஒன்பது மாதத்தில் ஒன்றரைதான். மூளையின் தள்ளலை நம்பும் முறைக்கு இந்த எண்தான் முதலீடு.

இரண்டாவது, வெட்டிய இடைவெளியை எலும்பு நிரப்புமா என்பது. சிறு குழந்தையின் டியூரா தானே எலும்பு உண்டாக்கும். வெட்டி எடுத்த பட்டை சில மாதங்களில் நிரம்பிவிடும். ஒரு வயதைத் தாண்டத் தாண்ட இந்தத் திறன் குறைகிறது. இரண்டு வயதுக்கு மேல் பெரிய இடைவெளி விட்டால் அது அப்படியே நிற்கலாம். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: சின்ன வயதில் எலும்பு அவசரமாக நிரம்பினால், விரிவதற்குள் மறுபடி மூடிவிடும்.

அப்புறம் ரத்த இழப்பு, எத்தனை முறை மயக்க மருந்து, எத்தனை நாள் மருத்துவமனை. இவற்றை மருத்துவரே சொல்லிவிடுவார். அவர் அதிகம் சொல்லாமல் விடுவது வீட்டுக்கு வந்தபின் யார் தலையில் என்ன வேலை விழுகிறது என்பதை. அதையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, தலையின் உருவம்: அகலம் மட்டும் குறைவா, அல்லது நெற்றிப் புடைப்பும் பின்மண்டைக் கூம்பும் கடுமையாக இருக்கின்றனவா?

மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் இந்த ஒப்பீடே மாறும். ஒரு தையல் மட்டும் மூடிய குழந்தைகளில் சிறுபான்மையினருக்கே அது வருகிறது. ஆனாலும் கண் மருத்துவரிடம் காட்டி, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் நிதானமாக யோசிக்க முடியும்.

| அளவுகோல் | எண்டோஸ்கோப் + ஹெல்மெட் | ஸ்பிரிங் | திறந்த அறுவை |
|---|---|---|---|
| விசை தருவது | வளரும் மூளை | கம்பியின் மீள்விசை | மருத்துவரின் கை |
| விசை நீடிக்கும் காலம் | பல மாதங்கள் | முதல் நாட்களில் அதிகம், பிறகு தணியும் | அறுவை மேசையோடு முடிந்தது |
| பொருந்தும் வயது | 3 மாதத்தை ஒட்டி, தாமதித்தாலும் 6-க்குள் | சுமார் 3 முதல் 6 மாதம், சில இடங்களில் இன்னும் சற்றுப் பிந்தியும் | பெரும்பாலும் 6 முதல் 12 மாதம், அதற்கு மேலும் முடியும் |
| மயக்க மருந்து | ஒரு முறை | இரண்டு முறை | ஒரு முறை, ஆனால் நீண்ட நேரம் |
| ரத்தம் ஏற்றுவது | அரிது | அரிது | பெரும்பாலும் தேவைப்படும் |
| மருத்துவமனை | 1 முதல் 2 நாள் | 1 முதல் 3 நாள், எடுக்கும்போது மீண்டும் ஒரு நாள் | 3 முதல் 5 நாள், முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவு |
| வீட்டு வேலை | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## எண்டோஸ்கோப்பும் ஹெல்மெட்டும்

தையலை வெட்டி எடுத்தால் போதும் என்ற எண்ணம் புதிதல்ல. பாரிஸில் லானெலோங் 1890-இலும், சான்பிரான்சிஸ்கோவில் லேன் 1892-இலும் இந்த அறுவையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் காலத்தில் கத்தி வைக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்குக் குறை தையலில் இல்லை. மூளை வளராததால்தான் தலை சிறியதாக இருந்தது. உள்ளிருந்து தள்ள ஆளில்லாத மண்டை ஓட்டை வெட்டி என்ன பயன்? இறப்புகளும் குவிந்தன. 1894-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜேக்கோபி இந்த அறுவைகளைக் கடுமையாகச் சாடினார், முறை ஒதுங்கிப் போனது. பின்னால் சரியான குழந்தைகளுக்குச் செய்தபோதும் இன்னொரு தொல்லை இருந்தது: வெட்டிய பட்டை திரும்ப எலும்பாகி மூடிக்கொண்டது, உருவம் முழுதாகச் சரியாகவில்லை.

1990களில் அமெரிக்க மருத்துவர்கள் ஹிமெனெஸ், பரோனே இருவரும் எண்டோஸ்கோப்பையும் ஹெல்மெட்டையும் சேர்த்து இந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். உச்சிக்குழிக்குப் பின்னால் ஒன்று, பின்மண்டைத் தையல்கள் கூடும் இடத்துக்கு முன்னால் ஒன்று என இரண்டு சிறு கீறல்கள். அவற்றின் வழியே கருவியை விட்டு மூடிய தையலைப் பட்டையாக எடுத்துவிடுகிறார்கள். அறுவை அதோடு முடிந்துவிட்டது, சிகிச்சை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

ஹெல்மெட் தலையை நசுக்கி உருவாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வயலில் பாயும் நீரை வரப்பு தள்ளுவதில்லை, போகக்கூடாத பக்கத்தை அடைத்து நிற்கிறது. ஹெல்மெட்டின் வேலையும் அவ்வளவுதான். நெற்றியிலும் பின்மண்டையிலும் தொட்டுக்கொண்டு நிற்கும், இரு பக்கமும் இடம் விட்டிருக்கும். மூளை வளரும்போது பக்கவாட்டில் போகத்தான் வழி. அதனால்தான் மிச்சமிருக்கும் வளர்ச்சி இங்கே இவ்வளவு பேசப்படுகிறது. ஏழு மாதக் குழந்தைக்கு ஹெல்மெட் போட்டால் அடைப்பு இருக்கும், பாய்ச்சல் இருக்காது.

ஒளிந்திருக்கும் செலவு முழுக்க ஹெல்மெட்டில்தான். நாளுக்கு 23 மணி நேரம் போடவேண்டும். குளிப்பாட்டவும் துடைக்கவும் ஒரு மணி நேரம். பெரும்பாலும் ஒரு வயது வரை, சில இடங்களில் அதற்கு மேலும். தலை வளர வளர ஒன்று பத்தாமல் இரண்டு, மூன்று ஹெல்மெட் ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஹெல்மெட் நிபுணரிடம் போய் உள்ளே தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அவர் அறுவை நடந்த ஊரிலேயே இருப்பார் என்றும் சொல்ல முடியாது.

தினமும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது பார்க்க வேண்டியது தோலை. நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் சிவந்த தடம் இருக்கும், அது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் மங்கிவிட்டால் ஹெல்மெட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மங்காமல் அதே இடத்தில் மறுநாளும் சிவப்பு நின்றால் அங்கே அழுத்தம் அதிகம். தானாகச் சரியாகும் என்று விடாமல் நிபுணரைக் கூப்பிட வேண்டும். புண்ணாகிவிட்டால் ஹெல்மெட்டை நாள்கணக்கில் கழற்றி வைக்க நேரும். அந்த நாட்களிலும் தலை வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் வழிகாட்ட ஹெல்மெட் இருக்காது. வெயில் காலத்தில் வியர்வையும் நாற்றமும் வேறு. குழந்தைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுகின்றன, பெரியவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

சில அறுவைக் குழுக்கள் பட்டையை அகலமாக எடுத்துவிட்டு ஹெல்மெட் இல்லாமலே விடுகின்றன. உங்களுக்குச் சொல்லப்படுவது எந்த வகை என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், பெயர் ஒன்றாக இருந்தாலும் வீட்டில் விழும் வேலை அடியோடு வேறு.

இது பொருந்துவது: மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்ட குழந்தை, அடிக்கடி போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல ஹெல்மெட் நிபுணர், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் 23 மணி நேரக் கணக்கைக் கடைப்பிடிப்பார் என்ற நம்பிக்கை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் எனக்குத் தயக்கம்தான்.

## ஸ்பிரிங்

1980களிலேயே முயல்களில் பார்த்த யோசனை இது. மனிதக் குழந்தைகளில் 1997-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் கிளாஸ் லாரிட்சன் தொடங்கினார். மூடிய தையலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, இரு கரையிலும் சிறு பள்ளம் எடுத்து, வளைந்த எஃகுக் கம்பி ஸ்பிரிங்குகளை இரண்டோ மூன்றோ இறுக்கிப் பொருத்துகிறார்கள். மேலே தோலை மூடியதும் கம்பி தன் பழைய உருவத்துக்கு விரியப் பார்க்கும், கரைகள் விலகும். ஒரு ஸ்பிரிங்கின் தொடக்க விசை 10 நியூட்டனை ஒட்டி இருக்கும், அதாவது ஒரு கிலோ எடையைத் தாங்கும்போது கையில் உணரும் அளவு. கம்பி தடித்தால் விசை கூடும். குழந்தையின் வயதையும் எலும்பின் தடிமனையும் பார்த்து எந்தக் கம்பி என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

விரிய விரிய ஸ்பிரிங்கின் விசை குறையும், அது இயற்பியல். ஆகவே அகலத்தில் பெரும்பகுதி முதல் சில நாட்கள், வாரங்களிலேயே வந்துவிடும். மிச்ச மாதங்களில் ஸ்பிரிங் செய்வது காவல்: கரைகள் திரும்ப நெருங்காமல், நடுவில் புது எலும்பு படியும் வரை பிடித்து வைப்பது. மூடிய தையல் இதனால் உயிர்பெற்று வருவதில்லை. பிளந்த இடத்தில் இளந்திசு நீட்டப்பட்டு எலும்பாகிறது, அவ்வளவே.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஸ்பிரிங்கை எடுக்க மறுபடி மயக்க மருந்து, இன்னொரு சிறு அறுவை. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த செலவு. தெரியாத செலவு ஒன்று உண்டு: ஒருமுறை வைத்துவிட்டால் விசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஹெல்மெட்டை அவ்வப்போது தேய்த்து வழிமாற்றலாம். ஸ்பிரிங் தன் கணக்குப்படிதான் விரியும். எலும்பு எதிர்பார்த்ததைவிட இளகி இருந்தால் அகலம் கூடலாம், இறுகி இருந்தால் குறையலாம். சில குழந்தைகளிடம் ஸ்பிரிங் நழுவுவதும், தோலை உள்ளிருந்து உறுத்தி மெலியச் செய்வதும் உண்டு. தோலுக்கடியில் கம்பியின் முனை தடவினால் தெரியும். அந்த இடம் சிவந்தால், கசிந்தால், முன்பு இல்லாத கூர்மை தட்டுப்பட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். வேறு எதற்காகவாவது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் தலையில் கம்பி இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்பிரிங் தள்ளுவது ஒரே திசையில். அகலம் கிடைத்ததும் மூளை பக்கவாட்டில் பரவ, நெற்றிப் புடைப்பு மெல்ல மெல்லக் குறையும். நேரடியாக அதை யாரும் தொடுவதில்லை. புடைப்பு கடுமையாக இருந்தால் மிச்சம் கொஞ்சம் நிற்கக்கூடும்.

நாலு, ஐந்து மாதக் குழந்தை, ஹெல்மெட்டுக்காக அடிக்கடி அலைய முடியாத குடும்பம் என்றால் என் பார்வையில் ஸ்பிரிங்தான் முந்துகிறது. மூளையின் தள்ளல் குறைந்துவரும் வயதில் வெளியிலிருந்து விசையைக் கடன் வாங்குகிறோம். கடனைத் தீர்ப்பது இரண்டாம் மயக்க மருந்தில்.

## திறந்த அறுவை

ஒரு காதிலிருந்து மறு காது வரை நெளிநெளியாகக் கீறி, தோலைத் தூக்கி, ஓட்டின் தகடுகளைத் துண்டுகளாக எடுத்து, வளைத்து, மறுபடி அடுக்கி, கரையும் பிளேட்டுகளால் கட்டுவது. கீறல் நெளிவதற்குக் காரணம், ஈரத் தலைமுடி நேர்கோட்டில் பிரிந்து வடுவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதுதான். பல மணி நேரம் பிடிக்கும், ரத்தம் பெரும்பாலும் ஏற்ற வேண்டிவரும். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கத் தொடங்கிய பிறகு இழப்பு குறைந்திருக்கிறது, இல்லாமல் போய்விடவில்லை.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரியது. உருவம் அன்றைக்கே மாறுகிறது. நெற்றி, பின்மண்டை, அகலம் மூன்றையும் ஒரே அமர்வில் தொட முடிவது இந்த வழியில் மட்டும்தான். குழந்தையின் மூளை இனி எவ்வளவு வளரும் என்பதை நம்பி இது நிற்கவில்லை. ஆகவே பிந்திக் கண்டுபிடித்த குழந்தைக்கும் செய்யலாம்.

பெற்றோரை உலுக்குவது இரண்டாம், மூன்றாம் நாள். வீக்கம் முகத்துக்கு இறங்கி இமைகள் மூடிக்கொள்ளும். குழந்தைக்குக் கண் திறக்க முடியாது, குரலை வைத்துத்தான் நம்மைத் தேடும். ஓரிரு நாளில் வீக்கம் வடிந்து கண் திறந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவமனைகள் இருக்கின்றன, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறைவான செலவு வயதோடு சேர்ந்தது. சீக்கிரம் செய்தால் எலும்பு மெல்லியது, பிடிப்பு நிற்காது, பிந்தைய வளர்ச்சியில் கிடைத்த அகலம் கொஞ்சம் கழன்றுபோகும். ஆகவே பல மருத்துவர்கள் வேண்டுமென்றே சற்று அதிகமாக அகலப்படுத்தி விடுகிறார்கள். முதல் மாதங்களில் தலை பக்கவாட்டில் அகன்றது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிந்திச் செய்தால் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி நிரம்பாமல் நிற்கலாம், அதை மூட இன்னொரு அறுவை தேவைப்படலாம்.

ஒன்பது, பத்து மாதத்தில் கண்டுபிடித்த குழந்தை, நெற்றியும் பின்மண்டையும் கடுமையாக மாறிய தலை, அழுத்தம் கூடியதற்கு அடையாளம் தெரிகிற பெரிய குழந்தை: இவர்களுக்கு இதுதான் வழி, மற்ற இரண்டோடு ஒப்பிட்டு மனதைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

## மற்ற இரண்டு பேச்சுகள்

டிஸ்ட்ராக்‌ஷன் என்று ஒன்று காதில் விழும்: வெட்டிய எலும்பைத் திருகு வைத்து நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குவது, கைகால் எலும்பை நீட்ட ரஷ்ய எலும்பு மருத்துவர் இலிசரோவ் வகுத்த அதே தத்துவம். நோய்க்குறியோடு பல தையல்கள் மூடிய குழந்தைகளுக்குப் பின்மண்டையைப் பெரிதாக்க இது நன்றாகப் பயன்படுகிறது. சஜிட்டல் மட்டும் மூடிய குழந்தைக்குப் பெரும்பாலான இடங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

காத்திருப்பது இன்னொன்று. உருவ மாற்றம் லேசாக, கண் பரிசோதனை சுத்தமாக, வளர்ச்சி வயதுக்கேற்றபடி இருந்தால் அறுவை இல்லாமல் கவனித்து வருவதும் ஏற்கத்தக்கதே, முக்கியமாக இரண்டு வயதுக்கு மேல் தற்செயலாகக் கண்டுபிடித்தவர்களுக்கு. விலை என்னவென்றால் வருடக்கணக்கில் கண் மருத்துவரைத் தவறாமல் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு இதே வழியைத் தேர்ந்தெடுப்பது வேறு கணக்கு. "கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முதல் இரண்டு வழிகளைக் கையிலிருந்து எடுத்துவிடும்; கடைசியில் மிஞ்சுவது திறந்த அறுவை. அதையே விரும்பினால் சரி. பயத்தில் தள்ளிப்போட்டு, பயந்த அதே அறுவையில் போய் நிற்பதுதான் வருத்தம்.

## உங்கள் குழந்தையின் வயதுக்கு

ஆறு வாரக் குழந்தை என்றால் உங்களுக்கு மூன்று வழியும் திறந்திருக்கிறது, ஆனால் நேரம் இல்லை. திறந்த அறுவைதான் என்று மனதில் தீர்மானித்திருந்தாலும் எண்டோஸ்கோப், ஸ்பிரிங் செய்யும் குழுவை இந்த மாதமே பாருங்கள். திறந்த அறுவைக்கு ஆறு மாதம் கழித்தும் போகலாம், திரும்பி வரத்தான் முடியாது.

நாலு மாதத்தில் ஹெல்மெட்டும் ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட சமம். வீட்டு நிலவரம்தான் முடிவு செய்யும். மயக்க மருந்து இரண்டு முறை என்பது உங்களைத் தின்கிறதா, ஹெல்மெட்டுக்காக எட்டு மாதம் அலைவது தின்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இதய நோய் போல மயக்க மருந்தை ஆபத்தாக்கும் வேறு குறை இருந்தால் ஒரே முறையோடு முடியும் வழிக்கு எடை கூடும்.

ஏழு, எட்டு மாதம் எல்லைக்கோடு. சில குழுக்கள் இன்னும் ஸ்பிரிங் வைப்பார்கள், பலர் மாட்டார்கள். இங்கே முறையைவிட அந்தக் குழு எந்த முறையை அதிகம் செய்திருக்கிறது என்பதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஒரு வயதைத் தாண்டினால் தேர்வு திறந்த அறுவைக்கும் காத்திருப்புக்கும் நடுவில்தான்.

மருத்துவர்கள் காட்டும் ஒப்பீட்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகவே வாங்குங்கள். எண்டோஸ்கோப் செய்த குழந்தைகள் வயதில் சிறியவர்கள், திறந்த அறுவை செய்தவர்கள் பெரியவர்கள், பெரும்பாலும் உருவ மாற்றமும் அதிகம். இந்த இரு கூட்டத்தின் செஃபாலிக் இன்டெக்ஸை அருகருகே வைத்து எது சிறந்தது என்று சொல்வது சுலபமல்ல. எந்த முறையில் போனாலும் இந்தக் குழந்தைகளிடம் பேச்சு, படிப்பு சார்ந்த சிறு சிரமங்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. ஆகவே தலையின் உருவம் சரியாகிவிட்டது என்று தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த வயதில் இந்த முறையைப் போன வருடம் எத்தனை குழந்தைகளுக்குச் செய்தீர்கள்? அதில் எத்தனை பேருக்கு மறுபடி அறுவை வேண்டிவந்தது? எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றினீர்கள்? ஹெல்மெட் என்றால் அதைச் செய்பவர் யார், எங்கே இருக்கிறார், நடுவில் புண்ணானால் அன்றைக்கே பார்ப்பாரா? ஸ்பிரிங் என்றால் எடுக்கும் தேதியை இப்போதே குறித்துத் தருவீர்களா? நீங்கள் செய்யாத முறையை இந்தக் குழந்தைக்கு யாராவது செய்யலாம் என்று நினைத்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் சொல்கிறவரிடம் நம்பி முதல் அறுவைத் தேதியை வாங்கிக்கொள்ளலாம்.